ஊசிக்குச் சாதி இல்லையாம்!

"அறிவியலுக்குச் சாதி தெரியாது. கருவி ஆளைப் பார்த்து வேலை செய்வதில்லை." மருத்துவத்தில் சமூகநீதி பற்றி நாம் வாயைத் திறந்தாலே இந்தப் பதில்தான் வருகிறது. இடஒதுக்கீட்டில் படித்த மருத்துவர்களைப் பற்றிக் கூசாமல் நக்கலடிப்பவர்களும் இதையே சொல்கிறார்கள், நம்மோடு மேடையில் நிற்கும் முற்போக்காளர்களும் இதையே சொல்கிறார்கள். சரி, ஒரே ஒரு கருவியை எடுத்துக்கொண்டு இதைச் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்தோம். அந்தக் கருவி ஒரு கையில் அடங்கிவிடும். மார்பில் உள்ள கட்டியிலிருந்து சோதனைக்குச் சதைத் துணுக்கு எடுக்கும் வெற்றிட பயாப்சிக் கருவி அது.

இதை ஏன் எடுத்துக்கொண்டோம் என்றால், அந்தக் கருவி பயன்படுத்தப்படும் அறையைத் துடைத்த ஒரு பெண் எங்கள் காலனியைச் சேர்ந்தவர். அவரை இங்கே அக்கா என்றே சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்பது அவர் விருப்பம்.

கருவி என்ன செய்கிறது?

மார்பில் ஒரு கட்டி இருக்கிறது, அல்லது படத்தில் சந்தேகப்படும்படி ஒரு புள்ளி தெரிகிறது என்றால், அது புற்றுநோயா இல்லையா என்பதை ஸ்கேனை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. அந்த இடத்துச் சதையைக் கொஞ்சம் எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். மெல்லிய ஊசியால் உறிஞ்சினால் தனித்தனிச் செல்கள்தான் கிடைக்கும். அதை வைத்து முழுக் கதையும் சொல்ல முடியாது. கத்தியால் கட்டியை வெட்டி எடுப்பது பழைய வழி. அதற்கு அறுவை அரங்கு வேண்டும், தையல் வேண்டும், தழும்பு மிஞ்சும்.

இரண்டுக்கும் நடுவே 1982-இல் சுவீடனைச் சேர்ந்த லிண்ட்கிரென் என்ற மருத்துவர் ஸ்பிரிங் விசையில் இயங்கும் பயாப்சித் துப்பாக்கியைக் கொண்டுவந்தார். 'டக்' என்று பாய்ந்து, பென்சில் முனை அளவுக்குச் சதையைச் சீவிக்கொண்டு வரும். ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு முறை குத்த வேண்டும். 1990-களின் நடுவில் அமெரிக்காவில் ஃப்ரெட் பர்பாங்க் என்ற கதிரியக்க மருத்துவரின் யோசனையில் அடுத்த படி வந்தது. உள்ளே குழலாக இருக்கும் ஊசி. அதன் பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல். வெற்றிடம் சதையை அந்த ஜன்னலுக்குள் இழுக்கிறது. உள்ளே சுழலும் கத்தி அதைச் சீவுகிறது. அதே வெற்றிடம் துணுக்கைப் பின்னால் கொண்டுவந்து சேர்க்கிறது. ஊசியை வெளியே எடுக்காமல், திசையை மட்டும் திருப்பி, ஒரே குத்தில் எத்தனை துணுக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம்.

முதலில் இதற்குத் தனியாக ஒரு பெரிய பம்ப் வண்டியும் குழாய்களும் தேவைப்பட்டன. பிறகு பம்பும் பேட்டரியும் கைப்பிடிக்குள்ளேயே அடங்கும் கையடக்கக் கருவிகள் வந்தன. மரத்துப்போக ஓர் ஊசி, சில மில்லிமீட்டர் கீறல், பக்கத்தில் ஒரு ஸ்கேன் மெஷின், தெரிந்த ஒரு மருத்துவர். அவ்வளவுதான். தையல்கூட வேண்டாம். வழக்கமான 14 கேஜ் துப்பாக்கி ஊசி எடுக்கும் துணுக்கு சுமார் 17 மில்லிகிராம் என்றால், 11 கேஜ் வெற்றிட ஊசி 100 மில்லிகிராமை ஒட்டி எடுக்கும். சதை கூடுதலாகக் கிடைத்தால் நோயைத் தவறவிடும் வாய்ப்பு குறையும்.

இதை அக்கா எங்களுக்கு வேறு மாதிரி சொன்னார்: "குட்டி டிரில்லிங் மெஷின் மாதிரி இருக்கும் தம்பி. டர்ருனு சத்தம் வரும். அரை மணி நேரம் கூட ஆவாது. அந்தம்மா எழுந்து, புடவையைச் சரி பண்ணிக்கிட்டு, காபி குடிச்சிட்டு கார்ல ஏறிப் போயிடும். நான் உள்ள போயி பெட்டைத் துடைப்பேன்."

அவர் ஒரு தனியார் மருத்துவமனையில் காண்ட்ராக்ட் துப்புரவுத் தொழிலாளி. இந்தக் கருவி என்ன செய்யும், யாருக்குச் செய்யும் என்பது தன் மார்பில் கட்டி தட்டுப்படுவதற்கு முன்பே அவருக்குத் தெரியும்.

163 நாள்

அவருக்குக் கட்டி தட்டுப்பட்டபோது, முதலில் வேலை செய்யும் இடத்திலேயேதான் கேட்டார். சூப்பர்வைசர் சிரித்திருக்கிறார். "உனக்கு எதுக்கு அதெல்லாம்? ஜி.எச்.க்குப் போ." ஈ.எஸ்.ஐ. பிடித்தம் சம்பளச் சீட்டில் இருந்தது. ஈ.எஸ்.ஐ. அட்டை மட்டும் கடைசிவரை கையில் வரவில்லை.

ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும். அதனால் வீட்டுக்குப் பக்கத்து கிளினிக்குக்குப் போனார். அதை முதல் நாள் என்று வைத்துக் கணக்குப் போட்டோம்.

முதல் நாள்: "கொழுப்புக் கட்டிதான், பயப்படாதே." மூன்று வாரத்துக்கு மாத்திரை.

24-ஆம் நாள்: ஒரு சிறிய நர்சிங்ஹோமில் கட்டியைக் கீறி எடுத்தார்கள். 4,500 ரூபாய். எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பினார்களா என்று நாங்கள் பிறகு போய்க் கேட்டபோது, "அதெல்லாம் தேவைப்படலை" என்றார்கள். அந்தச் சதை மஞ்சள் கவரில் குப்பைக்குப் போய்விட்டது. உண்மையைச் சொல்லக்கூடிய ஒரே சாட்சியைக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் காசு வாங்கினார்கள்.

92-ஆம் நாள்: தழும்புக்குக் கீழே மறுபடி கட்டி. இப்போது அரசு மருத்துவமனை. புறநோயாளிச் சீட்டு, வரிசை, ஸ்கேனுக்குத் தேதி.

106-ஆம் நாள்: மெல்லிய ஊசிச் சோதனை. "போதிய செல்கள் இல்லை" என்று அறிக்கை.

127-ஆம் நாள்: துப்பாக்கி ஊசி பயாப்சி. ஊசி ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கி வரச் சொன்னார்கள். நாங்கள் போய் வாங்கி வந்தோம்.

145-ஆம் நாள்: புற்றுநோய் என்று அறிக்கை. எந்த வகை, எந்த மருந்து கேட்கும் என்பதற்கு இன்னொரு சோதனை. அதுவும் வெளியே.

163-ஆம் நாள்: அந்த அறிக்கையும் வந்தது. சிகிச்சையைத் தொடங்கலாம் என்றார்கள்.

உலக சுகாதார நிறுவனம் மார்பகப் புற்றுநோய்க்காக 2021-இல் தொடங்கிய முன்முயற்சியில் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஒரு பெண் முதன்முதலில் வந்து காட்டிய நாளிலிருந்து 60 நாளுக்குள் நோய் உறுதியாக வேண்டும். அக்கா தன்னைக் காட்டவே இல்லையா? முதல் வாரத்திலேயே காட்டினார். ஆனாலும் மருத்துவரின் முதல் கேள்வி என்ன தெரியுமா? "ஏம்மா, இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தே?"

இந்தக் கேள்வியை எதிர்த்துத்தான் இந்தக் கட்டுரை. எங்கள் பெண்களுக்கு விழிப்புணர்வு இல்லை, கூச்சம், மூடநம்பிக்கை என்று ஒரு நீண்ட பட்டியலை ஒவ்வோர் அக்டோபரிலும் இளஞ்சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு வாசிக்கிறார்கள். 163 நாளும் இந்தப் பெண் நடந்துகொண்டேதான் இருந்தார். நின்றது யார்?

இந்தப் புள்ளி யார் உடம்பில் தெரியும்?

இங்கே ஒரு மறுப்பு வரும். நேர்மையான மருத்துவர்களே அதைச் சொல்வார்கள். "கையில் தட்டுப்படும் கட்டிக்கு வெற்றிடக் கருவி அவசியமே இல்லை. சாதாரணத் துப்பாக்கி ஊசியே போதும். வெற்றிடக் கருவி பெரும்பாலும் கைக்குத் தட்டுப்படாத, மேமோகிராமில் மட்டும் தெரியும் சுண்ணாம்புப் புள்ளிகளுக்கும் மிகச் சிறிய மாற்றங்களுக்கும்தான். இதற்காக நீங்கள் ஏன் சண்டை போடுகிறீர்கள்?"

மருத்துவமாகப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. நாங்கள் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அந்தச் சரியான வாக்கியத்துக்குள்தான் சாதி உட்கார்ந்திருக்கிறது.

கைக்குத் தட்டுப்படாத புள்ளி யாருக்குத் தெரியும்? ஆண்டுக்கு ஒரு முறை மேமோகிராம் எடுத்துக்கொள்ளும் பெண்ணுக்கு. அதை யார் எடுக்கிறார்கள்? கணவரின் கம்பெனி காப்பீட்டில் 'ஃபுல் பாடி செக்கப்' உள்ளவர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 30 முதல் 49 வயதுள்ள பெண்களில் மார்பகப் புற்றுநோய்க்காக எப்போதாவது ஒரு முறையாவது பரிசோதிக்கப்பட்டவர்கள் 0.9 சதவீதம். நூறு பேரில் ஒருவர்கூட இல்லை. மருத்துவத்தில் முன்மாதிரி என்று மார்தட்டும் தமிழ்நாட்டிலும் நூற்றுக்கு ஆறு பேரைத் தொடவில்லை. இந்தச் சொற்பத்துக்குள் சேரிப் பெண்கள் எத்தனை பேர் என்று நாம் யூகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்படியானால் என்ன ஆகிறது? ஒருத்திக்கு நோய் புள்ளியாக இருக்கும்போதே ஒரு கருவி தேடிப் போகிறது. இன்னொருத்திக்கு அதே நோய் எலுமிச்சை அளவு வளர்ந்த பிறகு, "உனக்கு இந்தக் கருவி தேவையில்லை, அதுதான் கைக்கே தெரிகிறதே" என்று அறிவியல் பூர்வமாக விளக்கம் தருகிறார்கள். முதலில் தாமதிக்க வைப்பது. பிறகு தாமதமானதால் தேவையில்லை என்பது. ஊரில் கிணறு வெட்டி, நம்மைத் தண்ணீர் எடுக்க விடாமல் தடுத்து, "இவர்கள் குளிக்கவே மாட்டார்கள்" என்று சொன்னவர்களின் தர்க்கமும் இதே தர்க்கம்தான்.

கருவி ஆளைப் பார்ப்பதில்லை என்பது உண்மை. கருவியின் முன்னால் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும் பாதை ஆளைப் பார்க்கிறது. தெருவைப் பார்க்கிறது, வேலையைப் பார்க்கிறது, சம்பளச் சீட்டைப் பார்க்கிறது. தலித் பெண்கள் உயர்சாதிப் பெண்களைவிடச் சராசரியாக 14.6 ஆண்டு முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று ஐ.நா. மகளிர் அமைப்பின் 2018 அறிக்கை சொன்னது. அந்த 14.6 ஆண்டு ஒரே நாளில் பறிபோகவில்லை. 24 நாள், 92 நாள், 163 நாள் என்று இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் போகிறது.

ஸ்டென்டுக்கு உச்சவரம்பு, ஊசிக்கு?

அடுத்தது பணம். "காப்பீடு இருக்கிறதே" என்பார்கள். 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012 முதல் முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம். அதனால் பிழைத்தவர்கள் எங்கள் தெருவிலும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. சில பரிசோதனைகளுக்கு அதில் இடம் உண்டு என்பதும் தெரியும். ஆனால் காப்பீட்டின் இயல்பு என்ன? நோய்க்குப் பெயர் வைத்து, ஆளைப் படுக்கையில் சேர்த்த பிறகுதான் அது உயிர் பெறுகிறது. ஒன்றியத்தின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் அனுமதிக்கப்படுவதற்கு முந்தைய 3 நாள் செலவுதான் கணக்கில் வரும். அக்காவுக்குப் பெயர் வைக்கவே 163 நாள் ஆனது. அந்த 163 நாளின் பஸ் காசு, ஸ்கேன் காசு, நர்சிங்ஹோம் காசு, போன கூலி எல்லாம் எந்தக் காப்பீட்டில் வரும்?

நூறு நாள் வேலைக்கு 2024-25-இல் தமிழ்நாட்டில் அறிவித்த கூலி நாளுக்கு 319 ரூபாய். மாதம் 25 நாள் வேலை கிடைத்தாலும் (எங்கே கிடைக்கிறது?) 8,000 ரூபாய்க்குள்தான். தனியாரில் ஒரு வெற்றிட பயாப்சி செய்துகொள்ள இது போதாது. ஏனென்றால் கைப்பிடியை மறுபடி பயன்படுத்தலாம். ஊசி ஒரு தடவைக்குத்தான். ஒவ்வொரு நோயாளிக்கும் புது ஊசி. லாபம் இருப்பது அந்த ஊசியில். அதைத் தயாரிப்பவை பெரும்பாலும் வெளிநாட்டு நிறுவனங்கள். நாம் இறக்குமதி செய்கிறோம்.

விலையைக் குறைக்கவே முடியாதா? முடியும் என்று இந்த அரசே காட்டியிருக்கிறது. 2017 பிப்ரவரியில் இதய ஸ்டென்டுகளுக்கு உச்சவரம்பு வைத்தார்கள். மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய், சாதாரண ஸ்டென்ட் 7,260 ரூபாய் என்றார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை மூட்டுகளுக்கும் வைத்தார்கள். கம்பெனிகள் கத்தின. வானம் இடிந்து விழவில்லை. இதயத்துக்கும் முட்டிக்கும் முடிந்தது மார்பகத்துக்கு ஏன் முடியவில்லை? இதய அடைப்பும் முட்டி வலியும் அதிகாரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்கும் வரும் நோய்கள் என்பதாலா? இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்தான் முதலிடத்தில் இருக்கிறது. 2022-க்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி ஓராண்டில் சுமார் 1.9 லட்சம் புதிய நோயாளிகள், ஏறத்தாழ 98,000 சாவுகள். இதற்குமேல் என்ன எண்ணிக்கை வேண்டும்?

சதையும் சம்மதமும்

எங்கள் உடம்பு அறிவியலுக்குத் தேவைப்படவே இல்லை என்று மட்டும் யாரும் நினைத்துவிட வேண்டாம். கொடுக்கும்போது நாங்கள்தான் முன்வரிசை. வாங்கும்போதுதான் கடைசி வரிசை.

1951-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் கறுப்பினத்தவர் வார்டில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண் சேர்ந்தார். புகையிலைத் தோட்டத்தில் உழைத்து வளர்ந்தவர். கருப்பைவாய்ப் புற்றுநோய். அவரிடமிருந்து எடுத்த சதைத் துணுக்கு, அவரிடம் கேட்காமலே ஆய்வகத்துக்குப் போனது. அந்தச் செல்கள் சாகாமல் பெருகின. 'ஹீலா' என்ற பெயரில் உலகம் முழுக்கப் பரவின. போலியோ தடுப்பூசி முதல் எத்தனையோ கண்டுபிடிப்புகளுக்கு உதவின. அந்தப் பெண் அதே ஆண்டு அக்டோபரில் 31 வயதில் செத்துப்போனார். குடும்பத்துக்கு இருபது ஆண்டுக்கு மேல் விஷயமே தெரியாது. 2023-இல்தான் ஒரு நிறுவனம் அந்தக் குடும்பத்தோடு உடன்படிக்கைக்கு வந்தது. பயாப்சியில் எடுக்கும் துணுக்கு வெறும் சதை இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இங்கே மும்பைக்கு வருவோம். 1998-இல் டாடா நினைவு மருத்துவமனை ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. மும்பையின் குடிசைப் பகுதிகளில் சுமார் 1.5 லட்சம் பெண்கள். பாதிப் பேருக்குப் பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கையால் மார்பகப் பரிசோதனை செய்தார்கள். மறுபாதிக்கு ஒரு முறை விழிப்புணர்வுப் பேச்சு மட்டும். 2021-இல் முடிவு வெளியானது. கையால் பார்த்த பிரிவில் நோய் முன்கூட்டியே தெரிந்தது. 50 வயதைத் தாண்டிய பெண்களில் மார்பகப் புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது. மேமோகிராம் இல்லை, கோடி ரூபாய் இயந்திரம் இல்லை. பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் இரண்டு கைகள்.

நல்ல முடிவு. ஆனால் அதை நிரூபித்தது யாருடைய உடம்பு? குடிசைப் பெண்களின் உடம்பு. இருபது ஆண்டு தங்கள் உடம்பை நாட்டுக்குக் கடன் கொடுத்தார்கள். கிடைத்த பாடத்தை நாட்டின் எல்லாக் குடிசைக்கும் கொண்டுபோகும் கடமை யாருடையது? அந்தக் கடனைத் திருப்பித் தராமல், இப்போது ஏசி அறையில் கையடக்கக் கருவியைக் காட்டி "மருத்துவத்தில் புரட்சி" என்கிறார்கள்.

சம்மதம் பற்றியும் ஒரு வார்த்தை. அக்காவின் பயாப்சிப் படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. "இங்க கையெழுத்துப் போடு" என்பதுதான் அவருக்குக் கிடைத்த விளக்கம். 2008 ஜனவரியில் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பரிசோதனைக்குக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்கோ அறுவைக்கோ கொடுத்த சம்மதம் ஆகாது. என்ன செய்யப் போகிறார்கள், வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நோயாளிக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். நம் பெண்களுக்கு இதைச் சொல்வதே இல்லை. கைநாட்டு வாங்கும் பழக்கம் பண்ணையாரிடமிருந்து மருத்துவமனைக்கு அப்படியே வந்து சேர்ந்திருக்கிறது.

உறிஞ்சும் இயந்திரம்

கடைசியாக, அந்த அறையைத் துடைக்கிறவர்களைப் பற்றி.

2016 உயிரி மருத்துவக் கழிவு விதிகள்படி, உடல் சதைக் கழிவு மஞ்சள் பைக்குப் போக வேண்டும். ஊசியும் கூர்மையானவையும் குத்தினால் துளைக்காத வெள்ளைப் பெட்டிக்குள் போக வேண்டும். கழிவைக் கையாள்பவர்களுக்கு மஞ்சள்காமாலை பி தடுப்பூசி போட வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறை உடல் பரிசோதனை செய்ய வேண்டும். அக்கா அந்த வேலையில் ஆறு ஆண்டு இருந்தார். இரண்டு தடவை ஊசி குத்தியிருக்கிறது. தடுப்பூசி இல்லை. ஆண்டுப் பரிசோதனை ஒரு தடவைகூட இல்லை. அந்தப் பரிசோதனை என்ற ஒன்று நடந்திருந்தால், யாராவது ஒரு மருத்துவர் ஒரு தடவையாவது அவரைத் தொட்டுப் பார்த்திருப்பார் இல்லையா?

தொட்டுப் பார்ப்பது. இந்தச் சொல்லை எழுதும்போதே நம் கை நிற்கிறது. தொட்டால் தீட்டு என்ற நாட்டில், மார்பகத்தைத் தொட்டுப் பார்ப்பதுதான் முதல் மருத்துவம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபடியே "கொழுப்புக் கட்டி" என்று சொன்ன அந்த கிளினிக் மருத்துவர் அக்காவைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. கேட்காமலும் இருக்க முடியாது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. உறிஞ்சும் ஒரு பம்பைக் கைப்பிடி அளவுக்குச் சுருக்கி, ஒரு பெண்ணுக்கு வலிக்காமல், தழும்பில்லாமல், அரிசி அளவு சதையை எடுக்கும் திறமை மனிதகுலத்துக்கு இருக்கிறது. அந்தத் திறமையை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் அதே உறிஞ்சும் தத்துவத்தில் மலக்குழியைச் சுத்தம் செய்ய இயந்திரம் அனுப்பத் துப்பில்லாமல் மனிதனை இறக்குகிறார்கள். 2013-இல் சட்டம் வந்தது. 2014-இல் உச்ச நீதிமன்றம் மலக்குழிச் சாவுக்கு 10 லட்சம் இழப்பீடு என்றது; 2023-இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியிருக்கிறது, குழியில் இறங்குவது நிற்கவில்லை. இந்தச் சாவுகளில் முன்வரிசையில் நிற்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. யார் உடம்பில் கீறல் விழக்கூடாது, யார் உடம்பு குழியில் விழலாம் என்பதை இயந்திரம் முடிவு செய்வதில்லை. அதை முடிவு செய்கிறவர்களுக்குச் சாதி நன்றாகவே தெரியும்.

என்ன கேட்கிறோம்?

கருவி வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. கருவியைத் தெய்வமாக்கி ஊர்வலம் விடுவதைத்தான் எதிர்க்கிறோம். தேர் ஊர்த்தெருவோடு திரும்பிவிடும், சேரிக்கு வராது. அந்த அனுபவம் நமக்கு நிறைய இருக்கிறது.

ஒன்று: ஒவ்வொரு வட்ட அரசு மருத்துவமனையிலும் ஸ்கேன் மெஷின், துப்பாக்கி பயாப்சி ஊசி, ஃபார்மலின் பாட்டில், வாரத்தில் ஒரு நாளாவது அதைச் செய்யத் தெரிந்த மருத்துவர். "வெளியே வாங்கி வா" என்ற பேச்சே கூடாது.

இரண்டு: ஒவ்வோர் அரசு மருத்துவக் கல்லூரியிலும் வெற்றிட பயாப்சிக் கருவி. பேட்டரியில் ஓடும், கையில் அடங்கும் கருவிக்கு "இடமில்லை, வசதியில்லை" என்ற சாக்கு செல்லாது. தேவைப்படும் பெண்ணுக்கு இலவசமாக, சாதாரணமாக, சிபாரிசு இல்லாமல் கிடைக்க வேண்டும்.

மூன்று: பயாப்சி ஊசிக்கு ஸ்டென்டைப் போல விலை உச்சவரம்பு.

நான்கு: பயாப்சி பாட்டிலை நோயாளியின் உறவினர் கையில் கொடுத்து அனுப்புவதை நிறுத்த வேண்டும். அக்காவின் பாட்டிலை ஒரு கேரி பேக்கில் கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனவர்கள் நாங்கள். கூட்டத்தில் பாட்டில் கவிழ்ந்துவிடக் கூடாதே என்று நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றோம். சதையை எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலினில் போட வேண்டும், இத்தனை மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும் என்று விதிகள் இருக்கின்றன. அந்த விதிகளை எங்கள் கையில் கொடுத்தால் எப்படி?

ஐந்து: எந்த மருத்துவமனையானாலும், உடம்பிலிருந்து வெட்டி எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பாமல் குப்பையில் போட்டால் அது குற்றம். நர்சிங்ஹோம்களின் பதிவேட்டைச் சோதித்தால் போதும், எத்தனை பேருடைய உண்மை மஞ்சள் பையில் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆறு: தூய்மைப் பணியாளர்களுக்கு ஆண்டுப் பரிசோதனை. அதில் பெண்களுக்கு மார்பகம், கருப்பைவாய் இரண்டும். காண்ட்ராக்டர் செய்யாவிட்டால் ஒப்பந்தம் ரத்து. மருத்துவமனையைத் துடைக்கும் பெண்ணுக்கு அந்த மருத்துவமனையிலேயே சிகிச்சை.

ஏழு: தமிழில் சம்மதப் படிவம், வாய்மொழி விளக்கம்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் எங்கள் வாசலுக்கு வருகின்றன. நல்லது. வாசல்வரை வர முடிந்த அந்தச் செவிலியரின் கைக்கு மார்பகப் பரிசோதனைக்கான பயிற்சியும் நேரமும் கொடுங்கள். அவர் சந்தேகப்பட்டு அனுப்பினால் 60 நாளுக்குள் பதில் கிடைக்கட்டும். மும்பைக் குடிசைப் பெண்கள் ஏற்கெனவே நிரூபித்துக் கொடுத்ததைத்தான் கேட்கிறோம், புதிதாக எதையும் கேட்கவில்லை.

பொதுச் சுகாதாரத்தை மேம்படுத்துவது அரசின் முதன்மைக் கடமைகளில் ஒன்று என்று அரசமைப்பின் 47-ஆவது உறுப்பு சொல்கிறது. பாபாசாகேப் தலைமையில் வரைந்த அரசமைப்பு அது. ஒரு சமூகத்தின் முன்னேற்றத்தை அதன் பெண்களின் முன்னேற்றத்தைக் கொண்டு அளப்பவர் அவர். அக்காவின் 163 நாளை அந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள்.

அக்கா இப்போது ஐந்தாவது கீமோ முடித்திருக்கிறார். முடி கொட்டிவிட்டது, வேலை போய்விட்டது. அந்த அறையை இப்போது துடைப்பது எங்கள் பக்கத்துத் தெருப் பெண். போன வாரம் அந்தப் பெண் அக்காவைப் பார்க்க வந்தார். பேசிவிட்டுக் கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அக்கா, இங்க ஒண்ணு சின்னதா தட்டுப்படுற மாதிரி இருக்கு. யார்கிட்ட காட்டணும்?"

மறுநாள் காலை அவரை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அன்றிலிருந்து நாள் எண்ணிக்கொண்டிருக்கிறோம். இந்த முறை 60-ஐத் தாண்டினால் புறநோயாளிச் சீட்டோடு மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலில் உட்காருவோம்.

ஜெய்பீம்!